இனச் சமத்துவப் பயிற்சியில் நாங்கள் என்னதான் செய்கிறோம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபொலிஸ் நகரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக் குடியிருப்புகள் கட்டி நடத்தும் ஒரு லாபநோக்கற்ற அமைப்பில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் இனச் சமத்துவப் பயிற்சி நடத்துவது என் பொறுப்பு. இதைச் சொன்னதும் தமிழ் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். "எல்லாரையும் உட்கார வச்சு வெள்ளைக்காரங்களைத் திட்டுவீங்களா?" என்பது ஒன்று. "ஒரு நாள் கிளாஸ் எடுத்தா இனவெறி போயிடுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வருபவரின் மனசைத் திருத்துவது எங்கள் வேலை இல்லை. ஒருவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழியும் கிடையாது, உரிமையும் கிடையாது. ஆனால் அவர் மேசையில் இருக்கும் காகிதங்களை நாங்கள் சேர்ந்து பார்க்கலாம். யாருக்கு வீடு கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது, வாடகை தாமதமானால் எப்போது நோட்டீஸ் அனுப்புவது, யாருக்கு விதிவிலக்கு தருவது என்று எல்லாமே யாரோ எப்போதோ எழுதி வைத்த விதிகளாக இருக்கின்றன. தங்கமான மனசுக்காரர் ஒருவர் அந்த விதிகளை வரிக்கு வரி பின்பற்றினாலும், அவருடைய பாட்டனார் காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே மக்களைத்தான் இன்றும் நிறுத்துவார். பயிற்சி முடிந்து சில மாதங்களில் அந்தக் காகிதங்களில் ஒரு வரியாவது மாறவில்லை என்றால், அந்தப் பயிற்சி நடந்ததாகவே நான் கணக்கில் வைப்பதில்லை.

இந்த முடிவுக்கு வந்த கதை 2020 மே 25இல் தொடங்குகிறது. அன்றைக்கு இந்த ஊரில் 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அடுத்த சில வாரங்களில் எந்த அமைப்பைப் பார்த்தாலும் இனச் சமத்துவப் பயிற்சி வேண்டும் என்று தேட ஆரம்பித்தது. அவசரமாக வகுப்புகள் நடந்தன. பாதிக்கு மேல் ஸூமில்தான். ஒரு பயிற்சியாளர் வருவார், ஆழ்மனச் சாய்வு, அதாவது நமக்கே தெரியாமல் மனசுக்குள் இருக்கும் பாரபட்சம் பற்றி ஸ்லைடு போடுவார், இரண்டு மணி நேரம் முடிந்ததும் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு வெளியேறுவார்கள். மறுநாள் காலையில் அதே படிவம், அதே விதி, அதே "மன்னிக்கவும், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" கடிதம்.

நேரில் நடந்த வகுப்புகளில் ஒரு பயிற்சி பிரபலம். எல்லாரையும் வரிசையாக நிற்க வைப்பார்கள். பயிற்சியாளர் ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். சின்ன வயதில் உங்கள் வீடு சொந்த வீடாக இருந்தால் ஓர் அடி முன்னால் வாருங்கள். காரணம் சொல்லாமல் போலீஸ் உங்களை நிறுத்தியிருந்தால் ஓர் அடி பின்னால் போங்கள். இப்படியே போய் முடியும்போது வெள்ளையர்கள் முன்னால் நிற்பார்கள், கறுப்பின ஊழியர்கள் கடைசிச் சுவரோரம் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து அழுவார். பின்னால் நிற்பவர் வந்து அவரைத் தேற்றுவார். ஒருவர் வாழ்நாளெல்லாம் பட்ட துன்பத்தை, உடன் வேலை செய்பவர்கள் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ளும் காட்சிப் பொருளாக வைப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அவர் பட்டதற்கு அவருக்குச் சம்பளமும் கிடையாது. எங்கள் பயிற்சியில் இந்த வரிசை விளையாட்டு கிடையாது.

கட்டாயப் பயிற்சிகளைப் பற்றி நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. ஃபிராங்க் டோபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொண்டுவந்த நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகள் கழித்து மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. ஆசிய அமெரிக்கர்களின் பங்கும் 4, 5 சதவீதம் குறைந்திருந்தது. திணித்தால் மனிதர்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். விரும்பி வரும் பயிற்சியும், முடிவுகளுக்குப் பொறுப்பேற்கும் பணிக்குழுவும் ஓரளவு பலன் தருவதாக அதே ஆய்வு காட்டியது. நாங்கள் இதை ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொண்டோம். எங்கள் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் உத்தரவு போவதில்லை. ஆனால் வகுப்பில் எடுக்கப்போகும் விதி எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ, அந்தப் பிரிவின் ஆட்கள் தாங்களே வந்துவிடுவார்கள். தன் வேலையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது யார்தான் வராமல் இருப்பார்கள்?

பயிற்சியை நான் தனியாக நடத்துவதில்லை. என்னோடு நடத்துபவர் பக்கத்து நகரமான செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. வாடகைதாரர் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். தன் சொந்தக் கதையைச் சொல்லச் சொல்லி யாரும் தன்னைக் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. அவருக்குத் தோன்றினால் சொல்வார். கேட்டு வாங்கக் கூடாது. இந்த விதியை முதல் பத்து நிமிடத்திலேயே அவையில் சொல்லிவிடுகிறோம். அதுவே பலருக்கு ஒரு பாடமாக இருக்கிறது.

முதல் நாள் காலையில் ஒரு பத்திர நகலை மேசைக்கு ஒன்றாக வைப்போம். 1910இல் இந்த நகரில் 35ஆவது அவென்யூ சவுத்தில் இருக்கும் ஒரு மனையை விற்றபோது எழுதிய பத்திரம். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த இடத்தைச் சீனர், ஜப்பானியர், மூர்கள், துருக்கியர், நீக்ரோக்கள், மங்கோலியர் அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியினர் யாருக்கும் எக்காலத்திலும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. மினியாபொலிஸில் இந்த மாதிரி நிபந்தனைகளில் இதுதான் முதலாவது என்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் பிரெஜுடிஸ் திட்டம் கண்டுபிடித்தது. 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இந்த நகரத்தில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட வீட்டு மனைகளில் இப்படிப்பட்ட நிபந்தனைகள் இருந்ததை வரைபடத்தில் குறித்தார்கள்.

பத்திரத்தை யாரும் உரக்கப் படிக்க வேண்டியதில்லை. அவரவர் மனசுக்குள் படிப்பார்கள். முதலில் அமைதி. அப்புறம் யாராவது ஒருவர் எழுத்தின் வடிவத்தைப் பற்றியோ, மை அழிந்திருப்பதைப் பற்றியோ பேசுவார். அதற்குப் பிறகுதான் சரியான கேள்வி வரும்: "இதை எழுதியது அரசாங்கமா?" இல்லை. இதை எழுதியது மனை விற்றவர்கள், பதிவு செய்தது அரசாங்கம். யாராவது மீறினால் நீதிமன்றம் அமல்படுத்திக் கொடுத்தது. 1948இல் ஷெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இனிமேல் நீதிமன்றங்கள் இதை அமல்படுத்தக் கூடாது என்று சொல்லும்வரை இப்படித்தான் நடந்தது. மின்னசோட்டா சட்டமன்றம் 1953இல்தான் புதிதாக இப்படி எழுதுவதைத் தடை செய்தது. 1930களில் கூட்டரசு வீட்டுக் கடன் அமைப்புகள் நகரங்களை நான்கு தரமாகப் பிரித்து வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் தீட்டி, ஆபத்தானவை என்று முத்திரை குத்தின. பத்திரம் எழுதியவர், பதிவாளர், நீதிபதி, கடன் அதிகாரி என்று பல கைகள் சேர்ந்த வேலை இது. அதில் யாருமே தன்னைக் கொடியவன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு வேனில் ஏறி 4600 கொலம்பஸ் அவென்யூ சவுத் போவோம். சின்ன வெள்ளை வீடு. 1931இல் ஆர்தர் லீ, ஈடித் லீ என்ற கறுப்பினத் தம்பதி அதை வாங்கிச் சிறுமியான தங்கள் மகளோடு குடிவந்தார்கள். ஆர்தர் லீ தபால் துறை ஊழியர், முதல் உலகப் போரில் பிரான்ஸில் சண்டையிட்ட படைவீரர். வெள்ளையருக்குத் தவிர யாருக்கும் விற்பதில்லை என்று அந்தப் பகுதிக்காரர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அந்த ஜூலை மாதத்தில் இரவுக்கு இரவு கூட்டம் கூடி, ஆயிரக்கணக்கானோர் வீட்டைச் சூழ்ந்து நின்றார்கள். கல்லெறிந்தார்கள், கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். பிரான்ஸில் சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்து இந்த நாட்டுக்காகப் போரிட்டபோது என்னை யாரும் வெளியேறச் சொல்லவில்லையே என்று லீ செய்தியாளர்களிடம் கேட்டார். அவர்களுக்காக வாதாட வந்தவர் லீனா ஆலிவ் ஸ்மித். மின்னசோட்டாவில் வழக்கறிஞர் உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். லீ குடும்பம் பயந்து ஓடவில்லை. 1933 வரை அங்கேயே இருந்து, பிறகு தாங்களாகவே இடம் மாறினார்கள். அந்த வீட்டிலிருந்து ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்த முனைக்கு சுமார் ஒரு மைல்தான். எட்டு தெருக்கள். இதை நாங்கள் எடுத்துச் சொல்வதில்லை. வந்தவர்களில் யாராவது ஒருவர் போனில் வரைபடத்தைத் திறந்து தானே கண்டுபிடித்துவிடுவார்.

திரும்பி வரும்போது ஐ-94 நெடுஞ்சாலையில் ஆற்றைத் தாண்டிச் செயின்ட் பால் வரை போய்விட்டு வருவோம். அந்தச் சாலை போடுவதற்காக ரோண்டோ என்ற கறுப்பினப் பகுதியை 1950களிலும் 60களிலும் நடுவில் பிளந்தார்கள். 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. கடைகள், தேவாலயங்கள், கிளப்புகள் எல்லாம் போயின. 2015இல் நகர மேயர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். என்னோடு பயிற்சி நடத்துபவர் அந்த இடத்தில் மட்டும் சில நாள் பேசுவார், சில நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

இதையெல்லாம் ஏன் காட்டுகிறோம்? இன்றைக்கு மின்னசோட்டாவில் வெள்ளையர் குடும்பங்களில் சுமார் நான்கில் மூன்று சொந்த வீட்டில் இருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்த இடைவெளி ஏன் வந்தது என்று தெரியாதவர், அதற்கு ஒரு காரணத்தைத் தானே கற்பனை செய்துகொள்வார். அந்தக் கற்பனை பெரும்பாலும் அந்த மக்களின் குணத்தைப் பற்றியதாக இருக்கும். பத்திரத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கற்பனை தேவைப்படாது.

இந்த இடத்தில் ஒருமுறை கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையை உயர்த்தினார். மாநிலத்தின் வடக்கே இரும்புச் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர். "என் தாத்தா ஃபின்லாந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி. கையில் ஒரு காசு கிடையாது. எங்களுக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அடிபட்ட குரலில் சொன்னார். அந்த மாதிரிப் பேச்சை அடக்கிவிடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது பிடிக்காது. அவர் சொன்னது உண்மை, அதை உண்மை என்று ஒப்புக்கொண்டோம். அப்புறம் அவர் அப்பா வீடு வாங்கியது எப்படி என்று கேட்டோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கடன் வாங்கி என்றார். அந்தச் சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கடனைத் தர வேண்டியது உள்ளூர் வங்கிகள். மிசிசிப்பி நகரங்களில் 1947 வாக்கில் அப்படி உத்தரவாதம் பெற்ற 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2. அவருடைய அப்பா அந்த வீட்டுக்காக உழைத்தார், அதில் சந்தேகமே இல்லை. அதே போரில் அதே உழைப்பு உழைத்த கறுப்பினப் படைவீரர்கள் பலருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அந்தப் பெண்மணி நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாள் வகுப்பில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தவர் அவர்தான். அதைச் சொல்கிறேன்.

இரண்டாவது நாள் முழுவதும் ஒரே ஒரு ஆவணம். எங்கள் சொந்த வாடகை விண்ணப்பமும் அதோடு ஒட்டிய தேர்வு விதிகளும். ஆளுக்கொரு சிவப்புப் பேனா. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இது ஏன் இருக்கிறது? இதை யார் முடிவு செய்தார்கள்? இதனால் யார் வெளியே போகிறார்கள்?

முதல் கேள்வியிலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். கிரெடிட் ஸ்கோர் இவ்வளவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், சொத்து மேலாண்மை செய்த முந்தைய கம்பெனியின் படிவத்திலிருந்து அப்படியே எடுத்தது என்று தெரிந்தது. கிரெடிட் ஸ்கோர் எதை அளக்கிறது? வீட்டுக் கடன் தவணையை ஒழுங்காகக் கட்டினால் அது ஏறும். இருபது வருஷம் வாடகையை ஒரு நாள் தவறாமல் கட்டியிருந்தாலும் பெரும்பாலான வாடகைதாரர்களின் கணக்கில் அது ஏறுவதே இல்லை. தாத்தாவுக்கு வீடு வாங்கத் தடை, அதனால் அப்பாவும் வாடகை, மகளும் வாடகை. இப்போது வாடகை வீட்டுக்கு வந்து நிற்கும் அந்த மகளிடம், வீட்டுக் கடன் கட்டியவருக்கு ஏறுகிற மதிப்பெண்ணைக் கேட்கிறோம். நேற்றுப் பார்த்த பத்திரத்துக்கும் இந்த வரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று அந்த இடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அடுத்தது காலி செய்யச் சொல்லும் வழக்குகள். வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் எவிக்‌ஷன் கேஸ் போடுவார். வாடகைதாரர் அதற்குள் பாக்கியைக் கட்டிவிடுவார், கேஸ் தள்ளுபடியாகும். ஆனால் 2024இல் மாநிலச் சட்டம் மாறும்வரை, கேஸ் போட்ட பதிவு மட்டும் தேடினால் கிடைத்தது. எங்கள் பழைய விதியில் "வழக்குப் பதிவு இருந்தால் நிராகரிக்கவும்" என்று மட்டும் இருந்தது, தீர்ப்பு என்ன என்று பார்க்கச் சொல்லவே இல்லை. மினியாபொலிஸ் நகராட்சி 2019இல் வாடகைதாரர் தேர்வுக்கு விதிமுறை கொண்டுவந்து, பழைய வழக்குகளையும் கிரெடிட் ஸ்கோரையும் வைத்து மட்டும் ஒருவரை ஒதுக்குவதற்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் அது நகர எல்லைக்குள்தான். எல்லைக்கு வெளியே இருக்கும் எங்கள் கட்டடங்களில் பழைய விதியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்மணி. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. "இந்த விதிகளை எடுத்துவிட்டால் வாடகை வராமல் போனால்? கட்டடத்துக்கு வாங்கிய கடனை யார் கட்டுவது? நாம் திவாலானால் இருக்கிற குடும்பங்களுக்கும் வீடு போகும்." இதை இனவெறிப் பேச்சு என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன். அமைப்பைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது. அதனால் அவரிடமே கேட்டோம், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று. அவர் ஒரு யோசனை சொன்னார். இதற்கு முன்னால் விதிவிலக்கு கொடுத்துச் சேர்த்த குடும்பங்களின் வாடகைக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம் என்று. அவரே எடுத்தார். எங்கள் கோப்புகளைப் பொறுத்தவரை, கிரெடிட் ஸ்கோர் குறைவாக இருந்தவர்கள் அதனாலேயே வாடகை தவறியதாகத் தெரியவில்லை. முந்தைய வீட்டில் வாடகை கட்டிய ரசீதுகளை வைத்திருந்தவர்கள் இங்கேயும் கட்டினார்கள். சிறிய அமைப்பின் சிறிய கணக்குதான், இதை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. ஆனால் எங்கள் விதியை மாற்ற அது போதும். இப்போது ஸ்கோருக்குப் பதில் பன்னிரண்டு மாத வாடகை ரசீது கேட்கிறோம். வழக்கு இருந்தால் தீர்ப்பு நகலைப் பார்க்கிறோம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, விண்ணப்பித்தவர் வந்து விளக்கம் சொல்ல நேரம் தருகிறோம். அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதியது அந்தப் பெண்மணிதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாறிய விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. சட்டப்படி இருக்கவும் முடியாது. 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், ஒரு வாரத்தில் ஏப்ரல் 11இல் நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எங்கள் மாநிலத்தின் செனட்டராக இருந்த வால்டர் மான்டேல். அந்தச் சட்டப்படி ஒருவரின் இனத்தைப் பார்த்து வீடு மறுப்பதும் சட்டவிரோதம், இனத்தைப் பார்த்து வீடு தருவதும் சட்டவிரோதம். புதிய விதியால் பயன் பெறுபவர்களில், மருத்துவமனைக் கடனால் ஸ்கோர் விழுந்துபோன வெள்ளைக்காரக் குடும்பங்களும் உண்டு, சோமாலியாவிலிருந்து வந்து கிரெடிட் வரலாறே இல்லாதவர்களும் உண்டு. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

சரி, நான் யார் இதைப் பேச? ஒரு வகுப்பில் கறுப்பினப் பெரியவர் ஒருவர், கட்டடப் பராமரிப்பில் தலை நரைத்தவர், இதைத்தான் கேட்டார். "உங்கள் ஆட்கள் எங்கள் தெருவில் வீடு வாங்கிப் பார்த்ததில்லையே. உங்களுக்கு இதில் என்ன?" மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், ஆகவே குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946இல் அந்தத் தடை நீங்கியபோதும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு. அந்தக் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அலபாமா மாநிலத்தின் செல்மாவிலும் பர்மிங்ஹாமிலும் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டு அடிபட்டுச் சிறை போய் உண்டாக்கிய காலச் சூழலில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது. நான் இங்கே விமானத்தில் வந்து இறங்கியதற்கு அவர்கள் கொடுத்த விலை இருக்கிறது. அந்தக் கடனில் கொஞ்சம் கட்டுகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "அப்படியானால் கட்டுங்கள்" என்றார்.

நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கணக்கு பேசப்படுவதில்லை என்பது என் மனக்குறை. புதிதாக வேலைக்கு வரும் தம்பியிடம் பொங்கல் விழாவில் யாராவது ஓர் அண்ணன் கட்டாயம் சொல்வார்: "அந்தப் பக்கம் வீடு பாக்காதப்பா, ஏரியா சரியில்ல. நல்ல ஸ்கூல் இருக்கிற இடமா பாரு." அன்பினால் சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இணையத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருக்கும் மதிப்பெண் பெரும்பாலும் தேர்வு முடிவுகளை வைத்துப் போடுவது. தேர்வு முடிவு பெற்றோரின் வருமானத்தை ஒட்டிப் போகிறது, வருமானம் எந்தத் தெருவில் யாரை வாழவிட்டார்கள் என்பதை ஒட்டிப் போகிறது. நம்மவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் எடினா புறநகரில் கன்ட்ரி கிளப் பகுதி இருக்கிறது. 1920களில் அங்கே மனை விற்றபோது, வெள்ளை இனத்தவராக இல்லாத யாரும் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்று பத்திரத்தில் எழுதினார்கள். வீட்டு வேலையாளாகத் தங்குவதற்கு மட்டும் அனுமதி. அந்தப் பத்திரப்படி இன்று அங்கே வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம் சமையலறையில் மட்டும்தான் இருந்திருக்கலாம்.

மினியாபொலிஸ் அடங்கிய ஹென்னபின் கவுண்டியில் வீடு வைத்திருப்பவர்கள் மேப்பிங் பிரெஜுடிஸ் வரைபடத்தில் தங்கள் முகவரியைத் தேடிப் பாருங்கள். நிபந்தனை இருந்தால், 2019இல் மாநிலம் போட்ட சட்டத்தின்படி அதைச் செல்லாது என்று பதிவு செய்துகொள்ளலாம். ஜஸ்ட் டீட்ஸ் என்ற கூட்டமைப்பில் சேர்ந்த ஊர்களில் இதற்கு இலவச உதவி கிடைக்கிறது. பழைய வரி அழியாது, அதோடு மறுப்பும் சேர்ந்து ஆவணத்தில் நிற்கும்.

சாதி பற்றியும் கேட்கிறார்கள். 2023இல் சியாட்டில் நகராட்சி பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்ததிலிருந்து, வகுப்பில் இந்தியர் யாராவது இருந்தால் கேள்வி என் பக்கம் திரும்பும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்வதில்லை. ஆனால் 1946இலேயே அம்பேத்கர், கறுப்பின மக்களின் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் கொடுக்கும் மனுவைப் பற்றி விசாரித்தார் என்பதைச் சொல்வேன். சென்னையில் வீடு தேடும்போது "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்கப்பட்ட எவருக்கும், படிவத்தில் இல்லாத விதி எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

2025இலிருந்து இந்த வேலை கஷ்டமாகிவிட்டது. ஜனவரியில் வந்த அதிபரின் ஆணைகள் கூட்டரசு அலுவலகங்களில் இந்த மாதிரித் திட்டங்களை மூடச் சொன்னதோடு, மானியம் வாங்கும் அமைப்புகள் சட்டத்துக்குப் புறம்பான பன்முகத்தன்மைத் திட்டங்கள் எதையும் நடத்தவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும் என்றன. எது சட்டத்துக்குப் புறம்பு என்பது தெளிவாக இல்லாததால் பயம்தான் முதலில் பரவியது. நான் அறிந்த சில அமைப்புகள் ஒரே வாரத்தில் இணையப் பக்கங்களிலிருந்து சொற்களை அழித்தன. ஏப்ரலில் இன்னோர் ஆணை. நோக்கம் இல்லாவிட்டாலும் ஒரு விதியின் விளைவு ஓர் இனத்தாரை அதிகம் பாதித்தால் அதைக் கேள்வி கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வீட்டு வசதி வழக்கொன்றில் ஏற்றுக்கொண்ட வழி இருக்கிறது. அந்த வழியில் நடவடிக்கை எடுப்பதைக் கூட்டரசு அமைப்புகள் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்கிறது இது. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது. எங்கள் பயிற்சியின் இரண்டாவது நாள் முழுவதும் நாங்கள் செய்வது அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

எங்கள் நிர்வாகக் குழுவில் இது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பயிற்சியின் பெயரை மாற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். பெயரைக் காப்பாற்ற நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. விதிகளைப் பரிசீலிக்கும் நாள், வேன் பயணம், ரசீது விதி, மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதுவது ஆகிய நான்கும் நிறுத்தப்படக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். வழக்கறிஞரும் அவற்றில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை என்று சொன்னார். பெயர் இன்னும் மாறவில்லை, மாறினாலும் மாறலாம்.

அடுத்த சுற்றில் பராமரிப்புப் புகார்களை எடுக்கப்போகிறோம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று போன் வந்த பிறகு எந்தக் கட்டடத்துக்கு எத்தனை நாளில் ஆள் போனார்கள், எந்த மொழியில் புகார் வந்தால் தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பை நடத்தப்போவது "அப்படியானால் கட்டுங்கள்" என்று சொன்ன அந்தப் பெரியவரும் அவருடைய பிரிவினரும்தான், நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். புகார்ப் பதிவேடுகளை அவர் இப்போதே கட்டடவாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நவம்பர் குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்கிறார்.